ஆல்டிஸ் எஞ்சின் நடுக்கம்: டாப் ஓவர்ஹால் தேவையா? சிஓஇ இன்னும் 16 மாதம்

ஈசூன்வாசி

வணக்கம். கொரோலா ஆல்டிஸ் 1.6, 2017 பதிவு, 138,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் பத்தாண்டு உரிமச் சான்று) முடிய இன்னும் 16 மாதம்.

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் நடுக்கம். எஸ்எல்இ விரைவுச்சாலையில் மேடு ஏறும்போது மிதித்தால் வண்டி திக்கித் திக்கிப் போகிறது. மழை பெய்த காலைகளில் ரொம்ப மோசம், கொஞ்ச நேரம் ஓடிச் சூடான பிறகு தேவலை. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. அழுத்தி மிதித்தால் மினுக்கவும் செய்கிறது.

இரண்டு பட்டறைகளில் காட்டினேன். முதல் இடத்தில் பானெட்டைத் திறந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கம்ப்ரெஷன் போய்விட்டது, டாப் ஓவர்ஹால் செய்ய வேண்டும், 3,200 வெள்ளி" (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள். அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் போய்விட்டதாம், எஞ்சினின் மேல்பாகத்தைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டுமாம். எந்த மீட்டரும் வைத்துப் பார்க்கவில்லை. இரண்டாம் இடத்தில் நாலு காயில் (பொறிக்கு மின்சாரம் தருவது), நாலு பிளக் (பொறி உண்டாக்குவது), இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது) கிளீனிங், த்ராட்டில் பாடி (காற்று நுழையும் வாய்) கிளீனிங் எல்லாம் சேர்த்து 1,150 வெள்ளி. மாற்றிப் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் அடுத்ததைப் பார்ப்போம் என்று சொன்னார்கள்.

மாமனாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதனால் கார் இல்லாமல் இருக்க முடியாது. இவ்வளவு காசைக் கொட்டுவதற்குப் பதில் ஸ்கிராப் போட்டுவிடலாமே என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்

தம்பி, முதலில் ஒன்று. செக் எஞ்சின் விளக்கு சும்மா எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால், மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுவது) இப்போது நடந்துகொண்டிருக்கிறது, அதுவும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு நடக்கிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோலும் காற்றும் சேர்ந்து புகைக்குழாய்க்குள் போகும். கன்வர்ட்டருக்குள் போனதும் அங்கே எரியும். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். பிளக் கோளாறாக இருந்ததை ஆயிரம் வெள்ளிக்கு மேல் இழுத்துவிடுவது இதுதான். சரிசெய்யும்வரை மெதுவாக ஓட்டுங்கள். மினுக்கினால் உடனே காலை எடுங்கள்.

இரண்டாவது, காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்திருக்கும் கோளாறு எண், அதாவது கோட், என்ன? பட்டறையில் படித்துச் சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் அதைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புளூடூத்தில் போனோடு சேருகிற சின்ன ரகம் 30, 40 வெள்ளிக்குள் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே செருக வேண்டியதுதான்.

பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். கம்ப்யூட்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பின்னால் உதவும். கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சென்சார் சுழற்சியின் வேகத்தை நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்கிறது. சைக்கிளில் ஒரு மிதி தவறினால் சக்கரம் கணநேரம் தளர்வது மாதிரி, ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் கிராங்க் கொஞ்சம் தளரும். எந்தச் சிலிண்டரின் முறையில் தளர்ந்தது என்று எண்ணிக் கோட் போடும். ஆக அது சொல்வது "3 எரியவில்லை" என்று மட்டுமே. காயிலா, பிளக்கா, பெட்ரோலா, கம்ப்ரெஷனா என்று அதற்குத் தெரியாது. கோடைப் பார்த்தவுடனே காயிலை மாற்று என்பவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

சத்தத்தை மட்டும் கேட்டுக் கம்ப்ரெஷன் போய்விட்டது என்று சொன்ன இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள். கம்ப்ரெஷன் அளக்கக்கூடிய விஷயம். அளந்து எண்ணைச் சொல்லட்டும்.

ஜேபி_ரன்னர்

நண்பரே, நேராக எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போங்கள். என் வண்டிக்கு எல்லாமே அங்கேதான். கூலி பாதிகூட வராது. இங்கே 1,150 என்றால் அங்கே அதே வேலை 500, 600க்குள் முடியும். தாமான் மோலெக், பெர்மாஸ் ஜெயா பக்கம் நல்ல பட்டறைகள் இருக்கின்றன. காலையில் விட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்தால் வண்டி தயார்.

ஸ்பேனர்

ஜொகூர் வேலை மட்டம் என்று நான் சொல்லமாட்டேன், அங்கே கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் மிஸ்ஃபயர் ஆகிற வண்டியை உட்லண்ட்ஸ் காஸ்வே நெரிசலில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கன்வர்ட்டர் கதி என்ன? நடுவில் நின்றுபோனால் இழுவை வண்டிக்குக் கொடுப்பதில் மிச்சம் எல்லாம் போய்விடும். இன்னொன்று, இந்த மாதிரிக் கோளாறு ஒரே தடவையில் தீராமல் போகலாம். திரும்பத் திரும்ப எல்லை தாண்ட நேரம் இருக்கிறதா, அதுவும் வாரம் மூன்று நாள் பெரியவரைக் கூட்டிப் போகிற ஆளுக்கு?

ஜேபி_ரன்னர்

அது நியாயம்தான். நின்றுபோகிற நிலை என்றால் வேண்டாம். ஆனால் பெரிய வேலை என்று உறுதியானால், உதாரணமாக உண்மையிலேயே டாப் ஓவர்ஹால் என்றால், அங்கே ஒரு விலை கேட்காமல் இங்கே 3,200 கொடுக்காதீர்கள். போவதாக இருந்தால் விஇபி (மலேசியாவுக்குள் நுழைய வெளிநாட்டு வண்டிக்கான அனுமதி) பதிவும் டேக்கும் சரியாக இருக்க வேண்டும். இங்கிருந்து கிளம்பும்போது பெட்ரோல் முக்கால் டாங்க் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அபராதமும் உண்டு.

சிராங்கூன்_மலர்

நான் பிரைவேட் ஹயர் ஓட்டுகிறேன். வண்டி நின்றால் எனக்கு வருமானம் நின்றது, அதனால் இந்த நடுக்கத்தை நன்றாகவே தெரியும். மழைக்காலையில் மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது முக்கியமான தடயம். கம்ப்ரெஷன் போன எஞ்சினுக்கு வெயில் மழை தெரியாது. ஈரத்தில் மோசமானால் மின்சாரப் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என் வண்டியில் பிளக் உட்காரும் குழிக்குள் ஆயில் நின்றிருந்தது. வால்வ் கவர் காஸ்கெட் (எஞ்சின் மேல்மூடியின் ரப்பர் அடைப்பு) காய்ந்து கசிந்து, காயிலின் ரப்பர் முழுக்க ஊறிப் போயிருந்தது. காயிலை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பியதால் கொஞ்ச நாளிலேயே அதே சிலிண்டர் திரும்பவும் மக்கர். காஸ்கெட்டை மாற்றிய பிறகுதான் ஓய்ந்தது. அதனால் காயிலைத் தூக்கும்போது குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள் தம்பி. ஆயில் இருந்தால் அதைத் தீர்க்காமல் புதுக் காயில் போட்டுப் பயன் இல்லை.

அப்புறம், இணையத்தில் ரொம்ப மலிவாக விற்கிற டென்சோ நிறுவனக் காயில், பிளக் பெட்டியை நம்பாதீர்கள். பெட்டி அச்சு அசல் மாதிரியே இருக்கும், உள்ளே சரக்கு வேறு. தெரிந்த உதிரிபாகக் கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

ஈசூன்வாசி

எல்லோருக்கும் நன்றி. ரீடர் வாங்கிப் போட்டேன். பி0300, பி0303 இரண்டும் இருக்கின்றன. கோட் பதிந்த நேரத்து அளவுகளைக் காட்டும் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பக்கத்தில் எஞ்சின் சூடு 61 டிகிரி, ஆர்பிஎம் 1,900, லோடு (எஞ்சின் மேலுள்ள சுமை) 70 விழுக்காட்டுக்கு மேல். லாங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம் +3 விழுக்காடு. இதெல்லாம் என்ன சொல்கிறது?

பழைய ரசீதுகளைப் புரட்டினேன். பிளக் மாற்றியதாக எதிலும் இல்லை. கம்பெனியிலிருந்து வந்த பிளக்தான் இன்னும் ஓடுகிறது போல.

ஸ்பேனர்

நல்ல தகவல் தம்பி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ட்ரிம் +3 என்பது மிக ஆரோக்கியம். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோல் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அது காட்டுகிறது. 10க்கு மேல் போனால்தான் யோசிக்க வேண்டும். ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) அதிகமாக இருந்து 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது, அதாவது ஹோஸ் வெடிப்பு, மேனிஃபோல்டு காஸ்கெட், பிசிவி வால்வ் இந்த மாதிரி. லோடு ஏற ஏற ட்ரிம் கூடினால் பெட்ரோல் பம்ப் தளர்கிறது அல்லது காற்றை அளக்கும் சென்சார் அழுக்கு. உங்களுக்கு இரண்டும் இல்லை. மேலும் இந்த மாதிரிக் கோளாறு நாலு சிலிண்டரையும் பாதிக்கும், 3ஐ மட்டும் பிடித்துக்கொண்டு உட்காராது. ஆக த்ராட்டில் பாடி கிளீனிங் இப்போதைக்குத் தேவையில்லை. அந்த 1,150இல் ஒரு பகுதி இங்கேயே கழிந்தது.

லோடில் வருகிறது என்பது சிராங்கூன் அக்கா சொன்னதோடு ஒத்துப் போகிறது. அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும், 20, 30 ஆயிரம் வோல்ட் வரை போகும். எங்காவது இன்சுலேஷன் பலவீனமாக இருந்தால் மின்சாரம் சிலிண்டருக்குள் பாயாமல் அந்த வழியாக ஓடிவிடும். ஐடிலில் தாக்குப் பிடிக்கிற காயில் மேட்டில் தோற்பது இதனால்தான்.

இப்போது காசே செலவாகாத சோதனை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு 3ஆம் சிலிண்டர் காயிலைக் கழற்றி 1இல் போடுங்கள், 1இல் இருந்ததை 3இல் போடுங்கள். ஒவ்வொரு காயிலுக்கும் ஒரே போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு பழசாகி உடையும், மெதுவாக அழுத்துங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். ஐடிலில் நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், எந்த மேட்டில் திக்கியதோ அந்த மேட்டில் அதே மாதிரி ஏற வேண்டும். ஆனால் விளக்கு மினுக்கியதும் காலை எடுத்துவிடுங்கள், கோட் பதிய அவ்வளவு போதும்.

கோட் பி0301 ஆக மாறினால் காயில் குற்றவாளி. பி0303 ஆகவே நின்றால் காயில் தப்பித்தது, அடுத்து பிளக்கை அதே மாதிரி இடம் மாற்ற வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர். அதற்கும் அசையாவிட்டால்தான் கம்ப்ரெஷன். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

கணக்குப்புலி

எஞ்சின் பக்கம் ஸ்பேனர் அண்ணன் இருக்கிறார். நான் காசுப் பக்கம் பேசுகிறேன். ஸ்கிராப்பா, ரிப்பேரா என்ற கேள்விக்கு இரண்டு எண்கள் வேண்டும்: ஏஆர்எஃப் (வண்டியைப் பதியும்போது கட்டும் கூடுதல் பதிவுக் கட்டணம்) எவ்வளவு கட்டப்பட்டது, சிஓஇ என்ன விலை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் உங்கள் வண்டி விவரத்தில் இரண்டும் இருக்கும்.

ஈசூன்வாசி

ஏஆர்எஃப் 18,600. சிஓஇ ஏறத்தாழ 46,800. காயில் சோதனையை நண்பரின் காக்கி புக்கிட் இடத்தில் இந்த வாரக் கடைசியில் செய்யப் போகிறேன். புளோக் கார் நிறுத்துமிடத்தில் பானெட்டைத் திறந்துவைத்து வேலை பார்க்க மனம் வரவில்லை.

கணக்குப்புலி

சரி, பாருங்கள். உங்கள் வண்டிக்கு 8 வயது 8 மாதம். பிஏஆர்எஃப் தள்ளுபடி, அதாவது பத்து வயதுக்குள் பதிவை நீக்கினால் திரும்பக் கிடைக்கும் பங்கு, 8 முதல் 9 வயதுக்குள் ஏஆர்எஃபில் 55 விழுக்காடு, 9 முதல் 10 வயதுக்குள் 50 விழுக்காடு. 2023 பிப்ரவரியில் வந்த உச்சவரம்பு உங்கள் வண்டிக்குப் பொருந்தாது, நீங்கள் அதற்கு முந்தியவர்.

இன்றே பதிவை நீக்கினால் பிஏஆர்எஃப் 10,230 வெள்ளி. சிஓஇயில் மிச்சம் 16 மாதம், மாதத்துக்கு 390 வீதம் 6,240. மொத்தம் 16,470. பத்து வயது முடியும்வரை வைத்திருந்தால் கடைசியில் கிடைப்பது 9,300 மட்டும். வித்தியாசம் 7,170. அதை 16ஆல் வகுத்தால் மாதம் சுமார் 448 வெள்ளி. இந்த வண்டியை வைத்திருப்பதற்கு உங்களுக்கு உண்மையில் ஆகும் தேய்மானம் அதுதான். சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல் எந்த வண்டிக்கும் உண்டு.

பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்த 16,470 எஞ்சின் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. செத்த எஞ்சினோடு இழுத்துக்கொண்டு போனாலும் இதே காசுதான். எஞ்சின் நிலையால் மாறுவது ஏற்றுமதி வியாபாரி பாடிக்குக் கொடுக்கும் தொகை மட்டும். "எஞ்சின் போனால் காரின் மதிப்பே போச்சு" என்ற பயத்தில் அவசரமாக 3,200 செலவழிப்பதும் தவறு, அதே பயத்தில் அவசரமாக ஸ்கிராப் போடுவதும் தவறு.

இப்போது மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம். உண்மையிலேயே 3,200 ஆகிறது என்றே வையுங்கள். 16 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 200. தேய்மானத்தோடு சேர்த்து 648. இந்தக் காசுக்கு மாத வாடகைக்கு ஒரு செடான் கிடைக்குமா? கிடைக்காது. புது வண்டிக்குப் போனால் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைச் சுற்றி நிற்கிற காலம் இது. ஆக 3,200 ஆனாலும் ரிப்பேர் தோற்கவில்லை. 300, 400இல் முடிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

தோபாயோ_டிரைவர்

கணக்கு சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 138,000 ஓடிய வண்டியில் 3,200 போட்ட மறுமாதம் ஏசி கம்ப்ரெஸர் போகும், அதற்கடுத்து கியர்பாக்ஸ். போட்ட காசை நினைத்து அதற்கும் காசு போடுவோம். என் அண்ணன் குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது, கடைசி வருஷத்தில் கொட்டிய பணத்துக்குக் கணக்கே இல்லை. என் கருத்து, ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். 1,500க்கு மேல் போனால் ஸ்கிராப். அப்படிப் போடுவதாக இருந்தால் 9 வயது நிறைவதற்கு முன்பே போடுங்கள், இல்லாவிட்டால் பிஏஆர்எஃபில் 930 வெள்ளி ஒரே நாளில் குறைந்துவிடும்.

கணக்குப்புலி

எல்லை போட்டுக்கொள்வதை ஒத்துக்கொள்கிறேன். 9 வயதுக் கணக்கையும் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நல்லது. ஆனால் எல்லையை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். இன்றைக்கு 1,500 வெள்ளி 16 மாதத்துக்கு, மாதம் 94. அதே 1,500 கடைசி 4 மாதத்தில் என்றால் மாதம் 375. மாதம் 100 வெள்ளி வரை ரிப்பேர், அதற்கு மேல் இல்லை என்ற மாதிரி வைத்துக்கொண்டால் வண்டி வயதாக ஆக எல்லை தானாகச் சுருங்கும்.

அந்த அளவுகோலில் 3,200 தேறாது, அதை மறுக்கவில்லை. வாடகையோடு ஒப்பிட்டால் தேறும். அந்த நிலை வந்தால் எதை எடுப்பது என்பது அவர்கள் வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டியது.

சிராங்கூன்_மலர்

9 வயது என்றதும் ஞாபகம் வந்தது. 3, 5, 7, 9 என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை வருமே, உங்களுக்கு அது நெருங்கிவிட்டது. பெட்ரோல் வண்டிக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளப்பார்கள். ஒரு சிலிண்டர் எரியாத வண்டி ஹைட்ரோகார்பனில் நிச்சயம் சிக்கும். பரிசோதனை தேறாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது. அதனால் தள்ளிப் போடுவது என்ற வழியே கிடையாது தம்பி, சீக்கிரம் முடியுங்கள்.

ஈசூன்வாசி

காயில் சோதனை முடிந்தது. 3ஐயும் 1ஐயும் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு, அதே எஸ்எல்இ மேட்டில் ஏறினேன். மறுபடியும் பி0303. காயில் நகர்ந்தும் கோட் நகரவில்லை.

வீட்டில் இப்போது எல்லோருக்கும் பயம், முதல் பட்டறை சொன்ன மாதிரி கம்ப்ரெஷன்தானோ என்று. பிளக் குழிகள் எல்லாம் காய்ந்துதான் இருக்கின்றன, ஆயில் இல்லை.

ஸ்பேனர்

பயப்படாதீர்கள். இரண்டாம் பட்டறையில் வாங்கிக்கொள்ளச் சொன்ன நாலு காயில் பிரச்சினையைத் தீர்த்திருக்காது என்று இப்போது உங்களுக்கே தெரிந்துவிட்டது. அதுவே லாபம்.

இப்போது 3இன் பிளக்கைக் கழற்றுங்கள். எஞ்சின் கட்டாயம் குளிர்ந்திருக்க வேண்டும், ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். பிளக்கை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நுனி பழுப்பாக இருந்தால் எரிவது சரி. கன்னங்கரேல் என்று ஈரமாகப் பெட்ரோல் வாசனை அடித்தால் பொறி வரவில்லை. ஆயில் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வ் சீல். வெளுத்துக் கொப்புளம் போட்டிருந்தால் பெட்ரோல் குறைவு.

அப்புறம் வெள்ளைப் பீங்கானைச் சுற்றிப் பாருங்கள். பென்சிலால் கோடு கிழித்த மாதிரி மேலிருந்து கீழே மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா? இருந்தால் படம் போடுங்கள், காயில் ரப்பரின் உள்பக்கத்தையும் சேர்த்து.

ஈசூன்வாசி

அண்ணே, இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். பீங்கானில் ஒரு பக்கம் முடி மாதிரி கறுப்புக் கோடு. மற்ற மூன்றிலும் இல்லை. முதலில் 3இல் இருந்த காயிலின் ரப்பருக்குள்ளும் அதே மாதிரி ஒரு கோடு தெரிகிறது. பிளக் நுனி நாலிலும் வெளிர்பழுப்புதான், ஆனால் இடைவெளி அதிகம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 1.4 மில்லிமீட்டர் நுழைகிறது.

ஸ்பேனர்

அதுதான் தம்பி. இதைக் கார்பன் டிராக் என்போம்.

நடந்தது இப்படி. இந்தப் பிளக்கின் இடைவெளி புதிதில் 1.1 மில்லிமீட்டர். ஓடி ஓடி நுனி தேய்ந்து இடைவெளி அகலமானது. இடைவெளி அகலமானால் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். காயில் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் மின்சாரத்துக்கு நுனியில் பாய்வதைவிடப் பீங்கானுக்கும் ரப்பருக்கும் நடுவில் வெளிப்புறமாக ஓடி ஹெட்டில் இறங்குவது சுலபமாகிவிடும். ஓடிய தடம் கருகிக் கார்பனாகும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அடுத்த தடவை அதே வழி இன்னும் சுலபம். காற்றில் ஈரம் இருந்தால் சொல்லவே வேண்டாம். மழைக்காலை, மேடு, நடுக்கம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கோடுதான் பதில்.

காயிலை மாற்றியும் கோட் நகராதது ஏன் என்றும் இப்போது புரியும். கெட்ட பிளக் 3லேயே இருந்தது, எந்தக் காயிலைப் போட்டாலும் அந்தத் தடம் வழியாக ஓடியது. உறுதிக்கு அந்தப் பிளக்கை 2இல் போட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். பி0302 வந்தால் வழக்கு முடிந்தது.

முக்கியமான ஒன்று: பிளக்கை மட்டும் மாற்றாதீர்கள். ரப்பரில் இருக்கும் தடம் புதுப் பிளக்கிலும் கோடு போட்டுவிடும். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். சில கடைகளில் ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும், கிடைத்தால் அதுவே போதும். கிடைக்காவிட்டால் அந்த ஒரு காயில். பிளக் நாலும் மாற்றுங்கள், டொயோட்டாவின் இரிடியம் பிளக்குக்கு 100,000 கிலோமீட்டர்தான் கணக்கு.

ஜேபி_ரன்னர்

நாலு காயிலையும் மாற்றிவிடுவது நல்லதில்லையா? ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதானே.

ஸ்பேனர்

பத்து வருஷம் ஓட்டப் போகிற வண்டி என்றால் யோசிக்கலாம். 16 மாதத்துக்கு வேண்டாம். மற்ற மூன்று காயில்களும் குற்றம் செய்யவில்லை, வோல்டேஜ் சுமையைக் கூட்டியது தேய்ந்த பிளக்தான். புதுப் பிளக் போட்டதும் அந்தச் சுமை குறைந்துவிடும். நாளைக்கு இன்னொன்று போனால் அதைக் கண்டுபிடிக்க அவருக்கு இப்போது ரீடரும் இருக்கிறது, வழியும் தெரியும்.

பிளக் வெளியே இருக்கும் அன்றைக்கே கம்ப்ரெஷனையும் அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து அளக்க வேண்டும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கணும். தனித்தனி எண்ணைவிட நாலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதே முக்கியம். 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஈசூன்வாசி

பிளக்கை 2இல் போட்டதும் பி0302 வந்தது. உடனே நண்பர் சொன்ன இன்னொரு பட்டறையில் கொடுத்துவிட்டேன். கம்ப்ரெஷன் 188, 185, 183, 187 பிஎஸ்ஐ. அளக்கும்போது என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து ஒவ்வொன்றையும் காட்டினார் அந்த மெக்கானிக்.

செலவு: இரிடியம் பிளக் நாலு 96, அசல் காயில் ஒன்று 135, கம்ப்ரெஷன் சோதனை 60, கூலி 40. மொத்தம் 331 வெள்ளி. நடுக்கம் போய்விட்டது. மழையிலும் ஓட்டிப் பார்த்தேன், ரீடரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை எல்லாச் சிலிண்டரிலும் பூஜ்யம். மாமனார் வண்டியில் ஏறியதும், "இப்போ சத்தமே காணோமே மாப்பிள்ளை" என்றார்.

ஸ்பேனர் அண்ணே, கன்வர்ட்டர் தப்பித்ததா என்று எப்படிப் பார்ப்பது?

ஸ்பேனர்

ரொம்ப சந்தோஷம் தம்பி. கன்வர்ட்டருக்கு ரீடரிலேயே பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜைப் பாருங்கள். எஞ்சின் சூடாகி, சீரான வேகத்தில் ஓடும்போது அது பெரிதாக அசையாமல் நிற்க வேண்டும். அடிக்கடி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை, சீக்கிரம் பி0420 வரும். மிதித்தால் எஞ்சின் மூச்சடைத்த மாதிரி ஏற மறுத்தாலோ, அடியில் ஏதோ கலகலத்தாலோ உள்ளே உடைந்திருக்கிறது. இது எதுவும் இல்லை என்றால் பரிசோதனைக்குத் தைரியமாகப் போங்கள்.

தோபாயோ_டிரைவர்

331இல் முடிந்தது பெரிய விஷயம். அப்படியே 5 ஆண்டு சிஓஇ நீட்டிக்கலாம் என்று ஆசை வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். நீட்டித்தால் பிஏஆர்எஃப் 9,300 போய்விடும், சிஓஇ விலையின் மூன்று மாதச் சராசரியில் பாதியைக் கட்ட வேண்டும், 5 ஆண்டு முடிந்ததும் இன்னொரு தடவை நீட்டிக்க முடியாது. சாலை வரியும் பத்து வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி 50 வரை போகும். பரிசோதனை வருடா வருடம்.

ஈசூன்வாசி

அந்த எண்ணம் இல்லை. 16 மாதம் நிம்மதியாக ஓடினால் போதும். கணக்குப்புலி சொன்ன மாதம் 100 வெள்ளி எல்லையை வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

பாசிர்ரிஸ்_புதியவன்

இழை முழுக்கப் படித்தேன், மிகவும் பயனாக இருந்தது. என்னுடையது ஃபோக்ஸ்வாகன் 1.4 டர்போ. குளிர் ஸ்டார்ட்டில் மட்டும் நடுக்கம், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. பி0300. நானும் பிளக்கிலிருந்து தொடங்கலாமா?

ஸ்பேனர்

பிளக்கைப் பாருங்கள், ஆனால் உங்கள் கதை வேறாக இருக்கலாம். ஆல்டிஸில் பெட்ரோல் இன்டேக் வால்வின் மேல் தெளித்து வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். உங்கள் எஞ்சினில் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கிறது, வால்வில் பெட்ரோல் படுவதே இல்லை. அதனால் ஆயில் ஆவி படிந்து வால்வின் பின்பக்கம் கரி கட்டும். குளிரில் காற்று சீராக உள்ளே போகாமல் எல்லாச் சிலிண்டரும் மாறி மாறித் தவறும், பி0300 மட்டும் வருவதற்கு அது ஒரு காரணம். டாங்க்கில் ஊற்றுகிற கிளீனர் அந்த இடத்துக்குப் போகவே போகாது, அதில் காசு போடாதீர்கள். கேமரா விட்டு வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். கரி கண்ணில் தெரிந்தால்தான் வால்நட் பிளாஸ்டிங் (வால்நட் ஓட்டுத் தூளை வேகமாக அடித்துக் கரியை எடுப்பது) பற்றிப் பேச வேண்டும்.

அதற்கு முன்னால் தனி இழை தொடங்கி, எத்தனை கிலோமீட்டர், பிளக் எப்போது மாற்றியது, குளிர் ஐடிலில் ட்ரிம் எவ்வளவு, ஆயில் குறைகிறதா என்று எழுதுங்கள். அங்கே வந்து பார்க்கிறேன்.